முதியோர் சார்பில் யார் பேசுவது? - பராமரிப்பு அலுவலர் என்னும் பதவியின் வரலாறு

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நல்வாழ்வுச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. அதன் 17ஆம் பிரிவு, தீர்ப்பாயத்தின் முன் எந்தத் தரப்பினரும் வழக்கறிஞரை வைத்து வாதிடக் கூடாது என்கிறது. அடுத்து வரும் 18ஆம் பிரிவு, மாவட்டச் சமூகநல அலுவலரையோ அப்பதவிக்குக் குறையாத நிலையில் உள்ள வேறோர் அலுவலரையோ ‘பராமரிப்பு அலுவலர்’ என மாநில அரசு குறிக்க வேண்டும் என்கிறது. பெற்றோர் விரும்பினால், தீர்ப்பாயத்திலும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திலும் அவர்களுக்காக அந்த அலுவலர் முன்னிற்க வேண்டும். வழக்கறிஞருக்குக் கதவை அடைத்துவிட்டு, அவர் நின்ற இடத்தில் அரசு தன் அலுவலர் ஒருவரை நிறுத்தியது.

இச்சட்டத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பிள்ளைகளின் நன்றியின்மை குறித்த புலம்பலாகவே முடிந்துவிடுகிறது. அதனால் 18ஆம் பிரிவு பலர் கண்ணிலும் படுவதில்லை. எழுபது வயதைக் கடந்த ஒருவர், தாம் பெற்ற மகனையோ மகளையோ எதிர்த்து ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறார். காது மந்தம், பார்வை மங்கல், ஆவணங்கள் பிள்ளையின் பீரோவில், இரவு திரும்ப வேண்டியதோ அதே வீட்டுக்கு. இந்த நிலையில் அவர் சார்பில் வாய் திறப்பவர் யார் என்பதே அவருடைய உரிமை பலிக்குமா பலிக்காதா என்பதை முடிவு செய்கிறது. அந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டம் வெவ்வேறு காலங்களில் அளித்த விடைகளைத் தொடர்ந்து பார்ப்பது பயனுள்ளது.

1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 488ஆம் பிரிவு ஜீவனாம்சம் பற்றியது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது வழி செய்தது. தாய் தந்தையர் அதில் இடம்பெறவில்லை. கூட்டுக் குடும்பம் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் என்ற எடுகோள் அன்றைய சட்டத்துக்குப் போதுமானதாயிருந்தது. விடுதலைக்குப் பின், 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, முதிய அல்லது நலிந்த பெற்றோரைக் காக்கும் கடமையை மகனுக்கும் மகளுக்கும் விதித்தது. பிள்ளையற்ற மாற்றாந்தாயும் பெற்றோர் என்ற சொல்லுக்குள் அங்கே சேர்க்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. ஆயினும் அது உரிமையியல் சட்டம். உரிமையியல் நீதிமன்றத்தின் கட்டணத்தையும் வாய்தாக்களையும் தாங்கும் வலிமை உள்ள முதியவருக்கு ஜீவனாம்சமே தேவைப்பட்டிருக்காது.

1973இல் நிறைவேறி 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான் தாயும் தந்தையும் மாஜிஸ்திரேட் முன் செல்லும் சுருக்கவழி பிறந்தது. அதன் 125ஆம் பிரிவில் மனைவி, பிள்ளைகள் ஆகியோருடன் பெற்றோரும் சேர்க்கப்பட்டனர். மாதம் 500 ரூபாய் என்பது உச்சவரம்பு. 2001ஆம் ஆண்டுத் திருத்தமே அந்த வரம்பை நீக்கியது.

இப்பிரிவில் ஒரு சிறு பிரதிப்பெயர் பெரிய வழக்கொன்றுக்குக் காரணமாயிற்று. ஆங்கில மூலத்தில் ‘அவனுடைய தந்தை அல்லது தாய்’ என்று பொருள்படும் ஆண்பால் சொல்லே உள்ளது. அப்படியானால் மகள், அதிலும் திருமணமான மகள், பெற்றோருக்கு ஜீவனாம்சம் தரக் கடமைப்பட்டவளா? சட்ட முன்வரைவை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக்குழுவின் அறிக்கையும் மகனைப் பற்றியே பேசியிருந்தது. 1987இல் உச்ச நீதிமன்றம் இக்கேள்விக்கு விடை கூறியது. சட்டங்களில் வரும் ஆண்பால் சொல் பெண்பாலையும் உள்ளடக்கும் என்னும் பொதுவிதியைத் துணைக்கொண்டு, வசதியுள்ள மகளும், மணமானவளாயினும், பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஓர் இலக்கணக் கேள்வி எத்தனையோ தாய் தந்தையரின் சோற்றுக் கேள்வியாக இருந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

உரிமை இவ்வாறு வளர்ந்தது. அதை எடுத்துரைக்கும் குரல் மட்டும் வளரவில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையோரை 12ஆம் பிரிவில் பட்டியலிடுகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், பேரிடரில் சிக்கியோர், காவலில் உள்ளோர், குறைந்த வருமானம் உடையோர் என அது நீள்கிறது. முதுமை அப்பட்டியலில் தனித்தகுதியாக இல்லை. மூதாட்டி ஒருவர் பெண் என்ற வகையில் உதவி பெறலாம். முதியவர் ஒருவர் தம் வறுமையையோ ஊனத்தையோ மெய்ப்பித்தாக வேண்டும். தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் மூத்த குடிமக்களுக்கென ஒரு தனித்திட்டத்தை வகுத்தது 2016இல்தான்.

இதற்கிடையே, வழக்கறிஞர் இல்லாத மன்றம் என்ற எண்ணம் வேறு துறைகளில் வேரூன்றியிருந்தது. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம், சமரச நடவடிக்கைகளில் வழக்கறிஞரை முற்றிலும் விலக்கியது. தொழிற்தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பின் இசைவும் மன்றத்தின் அனுமதியும் இருந்தால் மட்டுமே அவரை ஏற்றது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், வழக்கறிஞர் வைத்துக்கொள்வதை உரிமையாக அங்கீகரிக்கவில்லை. பணபலம் உள்ள தரப்பு வழக்கை இழுத்தடிக்கும் என்ற அச்சமே இவ்விரண்டுக்கும் அடிப்படை. ஆனால் இரண்டிலும் பலவீனமான தரப்புக்கு ஒரு மாற்று இருந்தது. தொழிலாளிக்காகச் சங்கத்தின் நிர்வாகி பேசினார். குடும்ப நீதிமன்றத்தில் தேவைப்பட்டால் நீதிமன்ற நண்பராக ஒருவரை நீதிபதி அழைக்கலாம். முதியோருக்கோ சங்கமும் இல்லை, அப்படியொரு நண்பரும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் அரசு அலுவலரை அமர்த்தியது.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. சிங்கப்பூர் 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இயற்றி, அதற்கென ஓர் ஆணையரையும் தீர்ப்பாயத்தையும் ஏற்படுத்தியது. இந்தியாவில் இமாசலப் பிரதேசம் 2001இல் தனக்கெனப் பெற்றோர் மற்றும் சார்ந்திருப்போர் பராமரிப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஐக்கிய நாடுகள் அவை 1999ஆம் ஆண்டை முதியோர் ஆண்டாக அறிவித்ததையொட்டி, மத்திய அரசும் அதே ஆண்டில் முதியோருக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டிருந்தது. 2001ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறுபது வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 7.7 கோடி. 2011இல் அது 10.38 கோடியாக உயர்ந்தது.

2007 மார்ச்சில் அன்றைய சமூகநீதி மற்றும் அதிகாரமளித்தல் துறை அமைச்சர் மீரா குமார் மக்களவையில் மசோதாவை அறிமுகப்படுத்தினார். அவ்வாண்டு டிசம்பரில் அது சட்டமாயிற்று. கோட்ட அளவிலான அதிகாரிக்குக் குறையாத ஒருவர் தீர்ப்பாயத்தின் தலைவர். மாவட்ட ஆட்சியர் நிலையில் உள்ளவர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் தலைவர். இடைக்காலப் பராமரிப்புத் தொகை கோரும் மனுவை அறிவிப்பு சார்வுசெய்யப்பட்ட நாளிலிருந்து 90 நாள்களுக்குள் முடிக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் ஒருமுறை மட்டும் 30 நாள் நீட்டிக்கலாம். மனுக் கொடுக்க இயலாதவருக்காக அவரால் அதிகாரமளிக்கப்பட்ட வேறொருவரோ ஓர் அமைப்போ மனுச் செய்யலாம். தீர்ப்பாயமே தானாக முன்வந்தும் வழக்கை எடுக்கலாம். இவையெல்லாம் முதியவரின் சோர்வை அறிந்து எழுதப்பட்ட விதிகள். ஆனால் 125ஆம் பிரிவின் உச்சவரம்பு நீக்கப்பட்டு ஆறாண்டுகள் ஆன பின்பு, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று புதிய வரம்பு ஒன்றை இதே சட்டம் விதித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி 18ஆம் பிரிவின் சொற்களுக்கு வருவோம். அவற்றில் மூன்று முடிச்சுகள் உள்ளன.

முதலாவது, ‘விரும்பினால்’ என்னும் நிபந்தனைச் சொல். முதியவர் விரும்பினால் அலுவலர் முன்னிற்பார். விரும்புவதற்கு முதலில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டிய கடமையை அந்தப் பிரிவு எவர்மீதும் சுமத்தவில்லை. தன்னிருப்பை அறிவிக்காத பதவி, காகிதத்தில் மட்டும் உயிர்வாழும் பதவியாகிவிடும்.

இரண்டாவது, ‘பெற்றோர்’ என்னும் சொல். சட்டத்தின் தலைப்பிலேயே பெற்றோர், மூத்த குடிமக்கள் என இரு சொற்கள் உள்ளன. இரண்டும் ஒன்றல்ல. பெற்றோர் என்பவர் அறுபது வயதை எட்டியிருக்க வேண்டியதில்லை. மூத்த குடிமகன் பெற்றோராக இருக்க வேண்டியதில்லை. பிள்ளையற்ற மூத்த குடிமகனும், தம் சொத்தை வைத்திருக்கும் அல்லது வாரிசாக அடையவிருக்கும் உறவினரிடம் பராமரிப்புக் கோரலாம் என்று 4ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் 18ஆம் பிரிவில் அலுவலர் முன்னிற்பது ‘பெற்றோர்’ சார்பில் மட்டுமே. சொல்லுக்குச் சொல் படித்தால், பிள்ளைகளே இல்லாத முதியவர், யாரினும் அதிகம் தனித்திருப்பவர், இந்தத் துணைக்கு வெளியே நிற்கிறார். கவனக்குறைவோ கருதிச் செய்ததோ, ஒரு சொல்லின் தேர்வு ஒரு பிரிவினரை விடுத்துவிட்டது.

மூன்றாவது முடிச்சு 18ஆம் பிரிவில் இல்லை, 6ஆம் பிரிவில் இருக்கிறது. விசாரணைக்கு முன் தீர்ப்பாயம் மனுவைச் சமரச அலுவலர் ஒருவருக்கு அனுப்பலாம். அவர் ஒரு மாதத்திற்குள் அறிக்கை தர வேண்டும். அந்தச் சமரச அலுவலராக யார் யார் இருக்கலாம் என்று விளக்கும் இடத்தில் பராமரிப்பு அலுவலரும் குறிப்பிடப்படுகிறார். சமரசம் செய்பவர் இரு தரப்பையும் சமமாகக் கேட்க வேண்டியவர். முன்னிற்பவர் ஒரு தரப்புக்காகப் பேச வேண்டியவர். “மகன்தானே, கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்” என்று திங்கட்கிழமை சொன்னவர், வியாழக்கிழமை அதே மகனுக்கு எதிராக எப்படி உறுதியாக வாதிடுவார்? சமரசப் பேச்சில் முதியவர் நம்பிச் சொன்ன பலவீனங்களும் அச்சங்களும் பின்னர் வழக்கில் எங்கே போய்ச் சேரும்? இரு தொப்பிகளும் ஒரே தலைக்கு ஏறுவதை இச்சட்டம் தடுக்கவில்லை.

இவற்றோடு பணிச்சுமை வேறு. மாவட்டச் சமூகநல அலுவலர் என்பவர் இதற்கென்றே நியமிக்கப்பட்டவர் அல்லர். தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத் தடுப்பும் வரதட்சணைத் தடுப்பும் பெண்களுக்கான நலத்திட்டங்களும் அதே மேசைக்குத்தான் வருகின்றன. பராமரிப்பு அலுவலர் என்பது அங்கே கூடுதல் பொறுப்பு. கூடுதல் பொறுப்பு எதுவும் முதன்மைப் பொறுப்பின் நேரத்தைத் தின்றுதான் நடக்க வேண்டும்.

அடுத்த திருப்பம் முற்றிலும் வேறொரு திசையிலிருந்து வந்தது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தில் 30ஆம் பிரிவு, எல்லா நீதிமன்றங்களிலும் தீர்ப்பாயங்களிலும் தொழில்செய்யும் உரிமையை வழக்கறிஞர்களுக்கு அளிக்கிறது. ஏட்டில் இருந்த அப்பிரிவு ஐம்பது ஆண்டுகள் நடைமுறைக்கு வரவேயில்லை. 2011 ஜூனில்தான் அது அமலாக்கப்பட்டது. அமலான பின்பு 17ஆம் பிரிவின் தடை நிற்குமா என்ற கேள்வி எழுந்தது. பஞ்சாப் மற்றும் ஹரியானா உயர் நீதிமன்றம் 2014இலும், கேரள உயர் நீதிமன்றமும் தில்லி உயர் நீதிமன்றமும் 2021இலும் வழக்கறிஞர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. அடைத்த கதவு இம்மாநிலங்களில் மீண்டும் திறந்தது.

இதன் விளைவை நிதானமாக எடைபோட வேண்டும். வழக்கறிஞர் வருவது முதியவருக்கும் நன்மையே. சிக்கலான சொத்து வழக்கில் சமூகநல அலுவலர் ஒருவரால் சட்ட நுட்பங்களை எதிர்கொள்ள இயலாது. ஆனால் கட்டணம் செலுத்தும் ஆற்றல் பெரும்பாலும் பிள்ளைகளிடமே உள்ளது. 2007ஆம் ஆண்டு ஏற்பாட்டில் ஒரு பக்கம் பிள்ளை தாமே பேச, மறுபக்கம் அலுவலர் துணையுடன் முதியவர் நின்றார். இன்று ஒரு பக்கம் வழக்கறிஞருடன் பிள்ளை நிற்க, மறுபக்கம் முதியவர் தனியே நிற்கும் காட்சிக்கு வாய்ப்புள்ளது. ஆகவே வழக்கறிஞர் வந்துவிட்டார் என்பதால் பராமரிப்பு அலுவலரின் தேவை குறைந்துவிடவில்லை. அது கூடியிருக்கிறது.

சொத்து வழக்குகள் இதை மேலும் தெளிவாக்குகின்றன. சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, தம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் மூத்த குடிமகன் சொத்தை எழுதிக் கொடுத்து, பெற்றவர் அதை நிறைவேற்றத் தவறினால், அந்த மாற்றத்தைத் தீர்ப்பாயம் செல்லாததாக அறிவிக்கலாம். அப்படியொரு நிபந்தனை இருந்தது என்று காட்டப்பட்டால்தான் இப்பிரிவு பொருந்தும் என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் மற்றொரு அமர்வு, இது நலன்காக்கும் சட்டமாதலால் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி, தாய் ஒருவர் தம் மகனுக்கு அளித்த தானத்தை ரத்து செய்தது. எவ்வாறாயினும், பத்திரம் எழுதும் நாளில் அந்த நிபந்தனையைச் சேர்க்கும்படி முதியவருக்குச் சொல்ல ஆள் இருந்ததா என்பதே அடிப்படைக் கேள்வி. பாசம் மிகுந்திருக்கும் நாளில் எவரும் நிபந்தனை எழுதுவதில்லை. அலுவலர் வருவதோ எல்லாம் கைவிட்டுப் போன பின்பு.

முதியோர் சார்பில் பேசுவது என்பதற்கு மறுபுறமும் உண்டு. கர்நாடகத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், மாமனார் மாமியார் இச்சட்டத்தின் கீழ் மனுச் செய்து மருமகளை வீட்டிலிருந்து வெளியேற்ற ஆணை பெற்றிருந்தனர். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மருமகளுக்கு அளிக்கும் குடியிருப்புரிமையை, மூத்த குடிமக்கள் சட்டத்தின் சுருக்க விசாரணையால் மேவிவிட முடியாது என்றும், இரு சட்டங்களையும் இணக்கமாகப் படிக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. முதியவர் மனுவில் கையொப்பமிடுகிறார், ஆனால் அதன் பின்னால் இருப்பது மனைவியைத் துரத்த விரும்பும் மகனின் விருப்பமாக இருக்கலாம். முதியவரின் சொந்தக் குரல் எது, அவர் வாயில் வைக்கப்பட்ட குரல் எது என்று பிரித்தறிவதும் முன்னிற்பவரின் கடமையே. வீட்டுக்குச் சென்று, தனியே அமர்ந்து பேசி அறிய வேண்டிய செய்தி இது. கோப்பைப் புரட்டி அறிய முடியாது.

இந்தப் பதவியை வலுப்படுத்தும் முயற்சி ஒன்று நடந்தது. 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா, 10,000 ரூபாய் வரம்பை நீக்கவும், மருமகனையும் மருமகளையும் ‘பிள்ளைகள்’ என்ற சொல்லுக்குள் சேர்க்கவும் முன்மொழிந்தது. அதில் பராமரிப்பு அலுவலருக்குப் புதிய பணிகளும் இருந்தன. தொகை ஒழுங்காகச் செலுத்தப்படுகிறதா என்று கண்காணிப்பதும், முதியோர் அணுகுவதற்குரிய தொடர்பாளராக இருப்பதும் அவை. மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குச் சென்றது, குழு 2021இல் அறிக்கை அளித்தது, பின்னர் அது விவாதத்துக்கு வராமலேயே 2024இல் 17ஆவது மக்களவையுடன் காலாவதியானது. 2021 அக்டோபர் 1 அன்று நாடு முழுமைக்குமாக 14567 என்னும் முதியோர் உதவி எண் தொடங்கப்பட்டது. அழைப்பை ஏற்க ஒரு குரல் கிடைத்தது. தீர்ப்பாயத்தில் பேச வேண்டிய குரல் பழைய நிலையிலேயே உள்ளது.

கேரளம் வேறொரு வழியை நாடியுள்ளது. 2025 மார்ச்சில் அம்மாநிலச் சட்டப்பேரவை மூத்த குடிமக்களுக்கென ஓர் ஆணையம் அமைக்கும் மசோதாவை நிறைவேற்றியது. மலையாளத்தில் அதை ‘வயோஜன கமிஷன்’ என்கின்றனர். முதியோரின் பாதுகாப்பு, மறுவாழ்வு ஆகியவற்றோடு அவர்களுடைய அறிவையும் திறனையும் சமூகம் பயன்கொள்வதும் அதன் நோக்கங்களில் ஒன்று. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உள்ளதைப் போல முதியோருக்கும் நிலையான ஓர் அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் இதன் பின்னால் உள்ளது. தலைநகரில் அமரும் ஆணையம் கொள்கையைப் பேசலாம். ஒரு தாலுகா அலுவலகத்தின் நடைகூடத்தில் தனித்து நிற்கும் முதியவர் அருகே நிற்க, ஆணையத்துக்கும் மாவட்ட அளவில் ஒரு மனிதர் தேவை. அவர் அந்தப் பராமரிப்பு அலுவலராகத்தான் இருக்க முடியும்.

சொற்களும் இங்கே ஒரு வரலாற்றைச் சொல்கின்றன. நீதிமன்றத் தமிழின் பழைய சொல் ‘ஜீவனாம்சம்’. ஜீவனத்துக்கான அம்சம், அதாவது உயிர்வாழ்வதற்குரிய பங்கு. அது பங்கு என்பதால் உரிமையின் சாயல் கொண்டது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் இந்திப் பெயரில் உள்ள ‘பரண்-போஷண்’ ஊட்டுதலையும் வளர்த்தலையும் குறிக்கும், தாய் பிள்ளைக்குச் செய்வதைத் திருப்பிச் செய்யும் சொல். தமிழில் நாம் கொண்ட ‘பராமரிப்பு’ கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும்கூடப் பொருந்துகிறது. பழுதுபடாமல் வைத்திருந்தால் போதும் என்ற எண்ணத்துக்கு அந்தச் சொல் இடங்கொடுத்துவிடுகிறது.

பதவியின் பெயர் மாறாவிட்டாலும் அதன் பணியை மாற்ற இயலும். அதற்குப் பெரிய புரட்சி ஒன்றும் தேவையில்லை. மனுவைப் பெறும் எழுத்தர், பராமரிப்பு அலுவலரின் துணை வேண்டுமா என்று ஒவ்வொரு முதியவரிடமும் கேட்டு, விடையை மனுவிலேயே பதிந்துகொள்ளலாம். சமரசம் செய்த அலுவலரே அதே வழக்கில் முன்னிற்கக் கூடாது என்று மாநில விதிகளில் ஒரு வரி சேர்க்கலாம். ‘பெற்றோர்’ என்ற சொல்லுக்கு அருகே ‘அல்லது மூத்த குடிமகன்’ என்று நாடாளுமன்றம் சேர்க்கலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞருடன் வந்தால், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் ஒருவரை முதியவருக்குத் தீர்ப்பாயமே கேட்டுப் பெறலாம். இவற்றுள் முதலாவதற்குச் சட்டத்திருத்தமும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். மனுப் படிவத்தில் ஒரு கேள்வி கூடினால் போதும்.